டிக்கிக்குள் கொஞ்சம் குளிர்காற்று

ஏப்ரல் 22, செவ்வாய்

கயத்தாறு பக்கத்துக் கல்குவாரிக்கு வந்து சேர்ந்தோம். சண்டைப் படம். குவாரி முழுக்க ஸ்டண்ட் ஆட்கள், டம்மி அரிவாள்கள், வாளி வாளியாகச் சிவப்புச் சாயம். நான் ஓட்டுகிற கேரவனைக் கற்பகம்மாவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். படத்தில் அவர் ஹீரோவின் அம்மா. இந்த வாரம் முழுக்க அவரைக் குத்திக் கொல்வதுதான் வேலை. ஒரே நாளில் செத்து முடிக்க அவர் என்ன துணை நடிகையா?

வக்கீல் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். "செபஸ்தி, தினமும் நடக்கிறத தேதி போட்டு எழுதி வைங்க. பின்னால யாராவது கேட்டா சொல்ல வரும்" என்றார். எழுதுகிறேன், ஆனால் எல்லாவற்றையும் எழுத நான் முட்டாள் இல்லை.

வண்டித் தரைக்குக் கீழே, இடது பக்கம், நீளமாக ஒரு டிக்கி உண்டு. குடை, மடக்கு நாற்காலி எல்லாம் போடுகிற இடம். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதை ஒட்டியே ஜெனரேட்டர் பெட்டி. மேலே வெயில், பக்கத்தில் ஜெனரேட்டர் சூடு, கீழே பாறைச் சூடு. உள்ளே இட்லியே அவிக்கலாம். இந்தத் தடவை அதில் ஒரு முக்கியமான சாமான் வைத்திருக்கிறேன். வெக்கை ஆகாத சாமான். அதனால் சுற்றிலும் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் எல்லாப் பக்கமும் வெள்ளித்தாள் விரித்து, கதவு இடுக்குக்கெல்லாம் ரப்பர் பட்டை அடித்தேன். கற்பகம்மாவின் மேக்கப் நாற்காலிக்கு அடியில் தரையைத் துளைத்து, ஏசிக் காற்றில் கொஞ்சத்தை ஒரு மடங்கும் பைப் வழியாகக் கீழே திருப்பிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது சாமான் இரண்டு தடவை இருமியது. நானும் பக்கத்தில் நின்று பலமாக இருமினேன். ஆவி பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 23, புதன்

சாமான், சாமான் என்று எழுதக் கை கூசுகிறது. இன்று அவள் செத்திருப்பாள்.

பெயர் முத்துப்பேச்சி. என்னோடு இதே வண்டியில் மாற்று டிரைவராக இருந்த தாசனின் பெண்டாட்டி. தாசனை அவளுடைய அண்ணன் சுடலைமணியும் தம்பி இசக்கியும் வெட்டிக் கொன்றார்கள். தங்கள் சாதிக்காரனைக் கட்டாமல் இவனைக் கட்டினாள் என்பதற்காக. இரண்டு பேரும் ஜாமீனில் வெளியே திரிகிறார்கள். கண்ணால் பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். வருகிற திங்கட்கிழமை திருநெல்வேலி கோர்ட்டில் அவள் சொல்ல வேண்டும். சென்னையில் அவள் தங்கியிருந்த விடுதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு மனு போடலாம் என்றார் வக்கீல். மனுவில் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எழுத வேண்டுமே என்று இவள் பயந்தாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஷூட்டிங் என்று தெரிந்ததும் நான்தான் சொன்னேன், என் வண்டியிலேயே வா என்று. பகலில் டிக்கி. யூனிட் கிளம்பியதும் மேலே வந்து குளித்துச் சாப்பிட்டு அறையில் படுத்துக்கொள்வாள்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். நான் சினிமா வண்டிக்கு வருவதற்கு முன்னால் தூத்துக்குடியில் மீன் வண்டி ஓட்டியவன். மீன் வண்டிக்கு ஒரே சட்டம்: காற்று புகவும் கூடாது, வெளியேறவும் கூடாது. அதே புத்தியில் டிக்கியை அடைத்துவிட்டேன். வெளியே போக வழி இல்லாவிட்டால் பைப்பிலிருந்து காற்று உள்ளே வராது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மீன் மூச்சா விடுகிறது?

நான் இரண்டு தட்டுத் தட்டினால் அவள் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு. மத்தியானம் தட்டினேன், பதில் இல்லை. எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார்கள். திறந்தேன். கண் மேலே செருகி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். இழுத்து வண்டிக்கு அடியில் போட்டுக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். மூச்சு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, என் கையைக் கடித்தது. ரத்தம் வரக் கடித்தாள். அண்ணன்தான் வந்துவிட்டான் என்று நினைத்தாளாம்.

"அண்ணாச்சி, நீங்களா?"

"நாந்தாம் தாயி. விடு."

பிறகு கால்மாட்டில், அடிப்பக்கம், ஐந்தாறு துளை போட்டு வலை அடித்தேன். பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை ஒரு துளையில் திருப்பி மாட்டினேன், காற்றை வெளியே இழுக்கிற மாதிரி. தலைமாட்டில் குளிர் இறங்க வேண்டும், கால்மாட்டில் சூடு போக வேண்டும். ஊதுபத்தி கொளுத்திப் பிடித்துப் பார்த்தேன். புகை உள்ளே இழுபட்டுக் கால் பக்கமாக ஒழுங்காக வெளியேறியது. ஆனால் ஜெனரேட்டர் புகை காற்றடித்தால் அதே துளைப் பக்கம் திரும்புகிறது. சைலன்சரில் தகரக் குழாய் மாட்டி வலது பக்கமாக நீட்டிவிட்டேன். குளிர்ந்த பைப்பில் வேர்த்து அவள் முகத்தில் சொட்டுகிறதாம். என் போர்வையைக் கிழித்துப் பைப்பில் சுற்றினேன்.

கடிபட்ட இடம் வலிக்கிறது. வலிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று ஒருவனை அடித்துவிட்டேன். லொகேஷனில் வேலைக்குச் சேர்த்த உள்ளூர் ஆள். குடையை டிக்கியில் போடுகிறேன் என்று கைப்பிடியை இழுத்தான். வேண்டாம் என்றேன். மறுபடி இழுத்தான். ஒரே குத்து, முன்பல் ஆடிவிட்டது. மேனேஜர் என்னைக் கண்டபடி ஏசினார். மன்னிப்புக் கேட்டேன். அவன் போகும்போது என்னைப் பார்க்கவில்லை, டிக்கியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். சாயங்காலமே டிக்கிக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

காற்றுப் பைப்பில் காற்று மட்டுமா போகும்? குரலும் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோர்ட்டில் சொல்ல வேண்டியதைத் தினமும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்படி பேச்சியிடம் வக்கீல் சொல்லியிருக்கிறார். அவளும் இருட்டுக்குள் படுத்துக்கொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறாள். மேலே நாற்காலியில் கற்பகம்மா கண்ணை மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் காலுக்குக் கீழேயிருந்து ஒரு பெண் குரல் வருகிறது.

"மத்தியான நேரமுங்கய்யா. என்னைய உள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. சன்னல் வழியா பாத்தேன். எங்க வீட்டுக்காரவுக சைக்கிள உருட்டிட்டு வந்தாக. முத வெட்டு எங்க அண்ணன் சுடலைமணி, கழுத்துல. விழுந்தப்புறம் தம்பி இசக்கி கால வெட்டுனான். எந்திரிச்சு ஓடிரக் கூடாதாம். அவுக என்னையப் பாத்துக்கிட்டே கிடந்தாக…"

கற்பகம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனதும் பளாரென்று ஒன்று விட்டார். பாதி மேக்கப்போடு, வயிற்றில் சாய ரத்தப் பையோடு நின்றார்.

"ஏன்டா டிரைவரு, பொட்டப்புள்ளய பெட்டியில அடைச்சு வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் இன்னொன்று விட்டார்.

"இது எதுக்கும்மா?"

"எங்கிட்ட முதல்லயே சொல்லாததுக்கு."

பிறகு அந்தத் துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துப் பேசினார். "தங்கச்சி, நான் எல்லாம் கேட்டேன். பயப்படாத. தண்ணி வேணுமா?"  கீழேயிருந்து, "ஒரு மோர் கிடைக்குமாக்கா?" என்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நாளில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான்.

அறையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தோம். ஹேர்டிரஸ்ஸர், காஸ்ட்யூம், அசிஸ்டன்ட் டைரக்டர் என்று கதவு டீக்கடை மாதிரி திறந்து திறந்து மூடுகிறது. கூட எடுபிடிக்கு உள்ளூர் ஆட்கள் வேறு. சரிப்படாது.

"என் ரூம் வந்த நாள்லேருந்து அடுப்பா எரியுதேன்னு பாத்தேன், இதான் சங்கதியா?" என்றார் கற்பகம்மா. "என் பக்கத்து காத்து வழியெல்லாம் அடைச்சுப்புடு. முழுசும் கீழ போகட்டும்."

"உங்களுக்கு வேர்க்குமேம்மா."

"வயித்துல கத்தி வாங்கிச் சாகப்போறவளுக்கு வேர்க்காமலா இருக்கும்? போடா."

இன்று அவர் செத்த காட்சிக்கு யூனிட்டே கைதட்டியது.

ஏப்ரல் 26, சனி

மத்தியானம் பந்தியில் சுடலைமணியைப் பார்த்தேன். என்னால் பல் ஆடியவன்தான் கூட்டி வந்திருந்தான். ஷூட்டிங் பார்க்க வந்தவன் மாதிரி நின்று, சோறு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் தாசனோடு ஒன்றாக வண்டி ஓட்டியவன் என்று அவனுக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு, என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஜாக்கி கம்பியை நான் எதற்கு ஒரு மாதமாக அரத்தால் தேய்த்துக் கூராக்கி வைத்திருக்கிறேன்? டயர் மாற்றவா? பேச்சியைக் கோர்ட்டில் சேர்ப்பதற்காக மட்டும் நான் இந்த ஊருக்கு வரவில்லை. அவன் இங்கே தேடி வருவான் என்று தெரிந்துதான் வந்தேன்.

யூனிட் போனதும் பேச்சியை வெளியே எடுத்தேன். வண்டிக்கு அடியில் கிடந்த கம்பியைப் பார்த்துவிட்டாள். எடுத்து நுனியைத் தடவினாள்.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

அவள் கையிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க அடிச்சுப் போட்டீங்கன்னா நா கோர்ட்டுல போயி என்னத்தச் சொல்ல? செத்தவன் மேல சாட்சி சொல்லவா? எம் புருசன வெட்டுனது இன்னாருன்னு ஊருக்கு முன்னால நாந்தான் சொல்லணும். அதுக்குத்தான இந்தப் பொட்டிக்குள்ள வேகுறேன். எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிராதிய."

சரி என்றேன். கம்பியை மட்டும் எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நெற்றியில் தையல். குனிந்து எழுதினால் விண்விண் என்கிறது. ஆனாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

கடைசிச் சண்டை எடுத்தார்கள். நாற்பது ஸ்டண்ட் ஆட்கள், கையில் டம்மி அரிவாள், உடம்பெல்லாம் சாயம். பதினோரு மணிக்குச் சுடலைமணியும் இசக்கியும் மூன்று பேரோடு குவாரிக்குள் இறங்கினார்கள். கைலி, முண்டா பனியன், கையில் நிஜ ஆயுதம். ஒளித்துக்கொண்டுகூட வரவில்லை. அந்தக் கூட்டத்தில் எதற்கு ஒளிக்க வேண்டும்? அசிஸ்டன்ட் டைரக்டர் பிரதீப் மைக்கில் கத்தினான்.

"லோக்கல் ஆளுங்களா? இதான் வர்ற நேரமா? மேக்கப்! இவங்களுக்கு ரத்தம் அடிங்க!"

மேக்கப்காரர் ஓடிவந்து ஐந்து பேர் முகத்திலும் சாயத்தை அள்ளி அடித்தார். பிரதீப் அவர்களைப் பிடித்துத் தள்ளி வரிசையில் நிறுத்தினான். கொலை செய்ய வந்தவர்கள் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "ஆக்‌ஷன்" என்றதும் எல்லோரும் கத்திக்கொண்டு ஹீரோவை நோக்கி ஓடினார்கள். அந்த ஐந்து பேர் மட்டும் என் வண்டியை நோக்கி ஓடிவந்தார்கள்.

நான் வண்டிக்குப் பின்னால் இருந்தேன். மூன்று பேர் என்னைப் பிடித்து டயரோடு அழுத்தினார்கள்.

"எங்கல அவ?" என்றான் சுடலைமணி.

"எவ?"

வயிற்றில் ஒரு மிதி. கண் இருட்டியது. இசக்கி டிக்கியைத் தட்டிப் பார்த்தான். பூட்டை நெம்பினான், வரவில்லை. பிறகு கால்மாட்டு வலையைப் பிய்த்து, விசிறி இல்லாத ஒரு துளை வழியாக நீளக் கத்தியைப் பிடிவரை உள்ளே சொருகினான். ஒரு குத்து. இன்னொரு குத்து. எனக்கு உயிர் போய்விட்டது. வெளியே இழுத்தான். கத்தியில் வெள்ளையாகத் தெர்மாகோல் பொடிதான் ஒட்டியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"தெர்மாகோலுண்ணே. ஒண்ணும் இல்ல."

சுடலைமணி நம்பவில்லை. "அந்த மிசின நிறுத்துல. மூச்சு விட்டாக் கேக்கும்."

ஜெனரேட்டர் நின்றது. ஏசி நின்றது, கால்மாட்டு விசிறியும் நின்றது. ஒரே அமைதி. தூரத்தில் மட்டும் சண்டைச் சத்தம். சுடலைமணி மண்டியிட்டு டிக்கிக் கதவில் காதை வைத்தான். என்னைப் பிடித்திருந்தவர்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் பிடி தளர்ந்தது. ஜாக்கி கம்பி என் கைக்கு எட்டுகிற தூரத்தில். அவன் பிடரி எனக்கு நேரே. வியர்த்து, முடி வெட்டி, வெறும் பிடரி. தாசன் கழுத்தில் விழுந்த வெட்டுக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

உள்ளே காற்று இல்லை. புதன்கிழமை அவள் உதடு இருந்த நிறம் ஞாபகத்துக்கு வந்தது. இவனை நான் கொன்றாலும் இசக்கி இருக்கிறான், கத்தி இருக்கிறது, டிக்கியைத் திறக்க விடமாட்டான். இவர்கள் கும்பலாக இங்கிருந்து போக வேண்டும், அதுவும் உடனே. வெறுமனே கத்தினால் இதுவும் சண்டைக் காட்சி என்று நினைப்பார்கள், யூனிட் ஆள் முகத்தில் ரத்தம் தெரிய வேண்டும்.

கம்பியை எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு என் நெற்றியிலேயே ஓங்கி ஒரு போடு போட்டேன். ரத்தம் முகமெல்லாம் வழிய, தொண்டை கிழியக் கத்தினேன்.

"யூனிட்டு ஆள வெட்டுறாங்க! யூனிட்டு ஆள வெட்டுறாங்கடோய்!"

சினிமாக்காரர்களுக்குள் ஆயிரம் சண்டை இருக்கும். ஆனால் வெளியாள் ஒருவன் யூனிட் ஆள் மேல் கை வைத்தால் டீ கொடுப்பவர் முதற்கொண்டு பாய்வார்கள். நாற்பது ஸ்டண்ட் ஆட்களும் அப்படியே திரும்பி ஓடிவந்தார்கள். வந்து குத்தினார்கள். என்ன குத்து! வருஷக் கணக்கில் குத்துவதுபோல் நடித்துப் பழகிய கை, மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் போய்த் தானாக நின்றது. பழக்க தோஷத்தில் உதைகள் காற்றில் பறந்தன. எதிரிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு ஸ்டண்ட் பையனுக்குத் தோளில் வெட்டு விழுந்து சதை தொங்கியது. ஃபைட் மாஸ்டர் ரங்கா தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

"டேய்! டச் பண்ணி அடிங்கடா! டச் பண்ணி அடிங்க!"

அதற்குப் பிறகு விழுந்தது பாருங்கள் அடி. மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. கற்பகம்மா அயன்பாக்ஸோடு இறங்கி வந்து ஒருவன் முதுகில் வைத்தார், சூடாகவே. ஐந்து பேரும் ரத்தமும் சாயமுமாகப் பாறைமேல் விழுந்து எழுந்து ஓடினார்கள்.

பூட்டைத் திறந்தேன். கால்களை மடக்கி, முந்தானையை வாய் நிறையத் திணித்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு இருந்தது. இடது முன்கையில் கத்தி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருந்தது. கீழே விரித்த வெள்ளித்தாளில் ரத்தம் தேங்கிக் கிடந்தது. வெளியே இழுக்கும்போது கத்தியைத் தெர்மாகோல் துடைத்துவிட்டிருக்கிறது. வெக்கை தாங்க நான் ஒட்டிய தெர்மாகோல்.

கற்பகம்மா தன் காரிலேயே எங்கள் இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனார். மேனேஜர், ஷூட்டிங் நின்றுவிடும், உள்ளூர் தகராறு, போலீசுக்குப் போக வேண்டாம் என்று கும்பிட்டார். நானும் சரி என்றேன். டிக்கிக்குள் இருந்தது வெறும் தெர்மாகோல் என்றே அந்த அண்ணனும் தம்பியும் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

கற்பகம்மாவுக்குக் காலையில் திடீர் வயிற்றுவலி. கேரவனில்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று அடம்பிடித்தார். போலீசுக்குப் போகாத நன்றிக்கு மேனேஜரும் விட்டுவிட்டார். நேராகக் கோர்ட்டு வாசலில் நிறுத்தினேன்.

முதல் எதிரி சுடலைமணியும் இரண்டாவது எதிரி இசக்கியும் முகம் வீங்கிக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். வராவிட்டால் ஜாமீன் போய்விடுமே. சாட்சி வரமாட்டாள் என்ற தெம்பில் சுடலைமணி யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பெயரைக் கூப்பிட்டார்கள். பேச்சி முந்தானையால் போர்த்திக்கொண்டு உள்ளே நடந்து போனாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இருட்டுக்குள் படுத்துச் சொல்லிப் பார்த்ததை எல்லாம் வெளிச்சத்தில் நின்று சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. நான்தான் அழுதேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"கண்ணு முன்னால புருஷனை வெட்டினாங்கன்னு சொல்றீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் ஒரு சின்ன சத்தம்கூடக் கேட்கலைன்னு சொல்லியிருக்காங்க. நீங்க கத்தவே இல்லை. எந்தப் பொண்ணும்மா கத்தாம இருப்பா? நீங்க அந்த இடத்துலயே இல்லைன்னு சொல்றேன்."

 பேச்சி முந்தானையை விலக்கிக் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்குக் கத்த வராதுங்கய்யா. நேத்து ஒரு பொட்டிக்குள்ள கிடந்தேன். வெளிய நின்னு ஒருத்தன் கத்திய சொருவுனான். இந்தக் கையில பாஞ்சுது. அப்பவும் நா கத்தல."

"யாரு சொருவினது? முகத்தைப் பார்த்தீங்களா?"

"பாக்கல. இருட்டு."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சிரிப்பதற்குள் கூண்டிலிருந்து ஒரு குரல். இசக்கி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எக்கா… உள்ள நீயா கெடந்த? நா தெர்மாகோலுன்னுல்லா நெனச்சேன்!"

நீதிபதிக்கு முன்னாலேயே சுடலைமணி தம்பியின் வாயில் ஓங்கிக் குத்தினான். இசக்கி உதடு கிழிந்து கூண்டுக்குள் உட்கார்ந்தான். போலீஸ்காரர்கள் பாய்ந்து சுடலைமணியைப் பிடித்தார்கள்.  நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு டைப் அடிக்கிறவரைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டாவது எதிரி சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க."